திங்கட்கிழமை வராத பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வி வந்து விழும். "ஏழாம் வகுப்பு கணக்கு, இந்த வாரப் பாடக்குறிப்பு யாரிடமாவது இருக்கிறதா?" பத்து நிமிடத்தில் யாராவது ஒரு பி.டி.எஃப். அனுப்பிவிடுவார்கள். அதைப் பார்த்து எழுதி, திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கினால் அந்த வாரக் கடமை முடிந்தது.

நான் ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. இன்னும் இரண்டு குழுக்களில் இருக்கிறேன். கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எமிஸ் பதிவு, வாக்காளர் பட்டியல் வேலை, நலத்திட்டப் பொருள் கணக்கு என்று இன்றைய ஆசிரியர் தலையில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று. அந்த பி.டி.எஃப். எழுதியவருக்கு உங்கள் வகுப்பில் திங்கட்கிழமை யார் வரமாட்டார்கள் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என் படிப்பு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். அதை வைத்துக்கொண்டு காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் ஓர் உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் 34 வருடம் ஆறு, ஏழு, எட்டுக்குக் கணக்கு எடுத்தேன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஹெர்பார்ட்டின் ஐந்து படிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல். நல்ல படிகள்தான். ஆனால் அந்தப் படிகளுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நம்பிக்கை இருக்கிறது. நேற்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே பிள்ளை இன்றைக்கும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்ற நம்பிக்கை.

எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைதான் பெரிய வியாபாரம். ஐஸ் உடைக்க, கூடை தூக்க, அம்மா கூட உட்கார்ந்து மீன் விற்க என்று பிள்ளைகள் ராத்திரியே போய்விடுவார்கள். திங்கட்கிழமை காலையில் அவர்களை எழுப்ப முடியாது. தண்ணி லாரி வரும் நாளில் பெண் பிள்ளைகள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டிவிட்டால் முதல் பீரியடுக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் ஒரு வாரம் ஆள் இருக்காது. மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாள் இருந்தது. 2017-லிருந்து 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுக்குப் போகும் குடும்பங்களில் கையில் காசே இல்லாத நேரத்தில்தான் பள்ளிக்கூடம் திறக்கும். படகு கடலுக்குப் போனதும் சில பையன்கள் பள்ளிக்கூடத்துக்கு வராமல் துறைமுகத்துக்குப் போவார்கள்.

இதை எல்லாம் எழுதுவது பெற்றோரைக் குற்றம் சொல்ல அல்ல. இதுதான் எங்கள் வாரம். வாரத் திட்டம் போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது புத்தகத்தின் பக்க எண்ணை அல்ல, இந்த வாரத்தை.

வருகைப் பதிவேடு ஒரு தந்திரமான புத்தகம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் 6 பேர் வரவில்லை. 34 பேர் வருகிறார்கள், அதாவது 85 சதவீதம். பார்வைக்கு வரும் அதிகாரி "பரவாயில்லையே" என்பார். ஐந்து நாளைக்கும் சேர்த்தால் 30 'ஆப்சென்ட்'. தினமும் அதே 6 பேர்தான் வரவில்லை என்றால், ஐந்து நாளும் முழுதாக வந்தவர்கள் 34 பேர். தினமும் வேறு வேறு 6 பேர் என்றால்? முழுதாக வந்தவர்கள் 10 பேர்தான். இரண்டுக்கும் பதிவேட்டில் ஒரே 85 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். எங்கே என்று கண்டுபிடிக்க, பதிவேட்டை மேலிருந்து கீழே நாள்வாரியாகக் கூட்டாமல் ஒவ்வொரு பெயரின் வரிசையையும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். நான் ஒவ்வொரு பருவமும் படித்தேன். ஒரு வாரத்தின் ஏழு கணக்குப் பீரியடையும் முழுதாகக் கேட்ட பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

சமூக அறிவியலில் ஒரு நாள் போனால் ஒரு பாடம் போகும். கணக்கில் ஒரு நாள் போனால் அடுத்த நாலு நாளும் போகும். செவ்வாய்க்கிழமை பகுதிகளைச் சமமாக்குவதைப் பார்க்காத பிள்ளைக்குப் புதன்கிழமை பின்னக் கூட்டல் வெறும் மந்திரம். இப்படி மூன்று வாரம் போனால் அந்தப் பிள்ளை ஒரு முடிவுக்கு வந்துவிடும். "நான் அன்னிக்கு வரல" என்று சொல்லாது. "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லும். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் நம் வேலை இருக்கிறது. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வி பற்றி ஓர் ஆய்வுக் குழு அமைத்தார்கள். நம் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் அதற்குத் தலைவர். அந்தக் குழுவின் அறிக்கை கணக்கின் முதல் சிக்கலாகப் பயத்தையும் தோல்வி உணர்வையும்தான் சொல்கிறது. அந்தப் பயம் எங்கள் பள்ளியில் பல பேருக்கு, வராமல் போன ஒரு செவ்வாய்க்கிழமையில் தொடங்கியது.

ஒரு பையன் இருந்தான். அப்பா விசைப்படகில் ஆள். மாதத்தில் மூன்று திங்கட்கிழமை வரமாட்டான். ஒரு நாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: "மிஸ், நான் வராத அன்னிக்கா பாத்து எல்லாத்தையும் நடத்திட்றீங்க." வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் கணக்கு சரிதான். புதுப் பாடத்தைத் திங்கட்கிழமை தொடங்குவது எல்லா ஆசிரியருக்கும் பழக்கம். அவன் வராததும் திங்கட்கிழமைதான்.

இதற்கு ஒரு வழி நம் ஊரிலேயே இருந்தது. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. பிறகு 2007-லிருந்து தமிழ்நாடு முழுக்கப் போனது. அட்டை, ஏணிப்படி, பாய், தரையில் வட்டமாக உட்காருவது எல்லாம் நினைவிருக்கும். அதைப் பற்றி ஆயிரம் புகார் சொன்னோம், நானும் சொன்னேன். ஆனால் அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. மூன்று நாள் வராத பிள்ளை நாலாம் நாள் வந்தால் நேராக ஏணிப்படிக்குப் போய், தான் விட்ட அட்டை எது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்கும். வகுப்பு அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்காது. ஆனால் ஏணி நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது. மேல் வகுப்புக்குப் 'படைப்பாற்றல் கல்வி' வந்தது. அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், தொடர்பணி என்று பாடக்குறிப்பில் கட்டங்கள் வந்தன. 'குறைதீர் கற்றல்' எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். வரிசையின் வாலில். அதற்குள் மணி அடித்துவிடும்.

அந்தக் கட்டத்தை வாலிலிருந்து எடுத்து வாரத்தின் நடுவில் வைத்தேன். நான் செய்த மாற்றத்தின் சாரமே அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்த ஏற்பாடு. எங்கள் கால அட்டவணையில் வாரத்துக்கு ஏழு பீரியட்: திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் ஒன்று, வியாழன் இரண்டு, வெள்ளி ஒன்று. அதை இப்படிப் பிரித்தேன்.

முதலில் வெள்ளிக்கிழமைக் கேள்வியை எழுதுவேன். ஒரே ஒரு கேள்வி. இந்த வாரம் முடியும்போது பிள்ளை தானாகப் போட வேண்டிய கணக்கு அது. அந்தக் கேள்விக்கு உதவாதது எதுவும் அந்த வாரத்தில் வராது.

திங்கட்கிழமை புதுச் சூத்திரம் கிடையாது. வராதவன் எதையும் இழக்கக் கூடாது, வந்தவளுக்கும் சலிக்கக் கூடாது. அப்படிப்பட்ட பாடமாகத் தேடுவேன். இதற்கு எனக்குக் கை கொடுத்தவர் பி.கே. சீனிவாசன். வடசென்னை ஆசிரியர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கணித மேதை இராமானுஜன் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968-ல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தவர். 1993-ல் நம் ராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் தொடங்கியபோது அதை நடத்தியவர். 2005-ல் மறைந்தார். இராமானுஜன் 1912-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்தது சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். "நம்ம ஹார்பரா மிஸ்?" என்பார்கள்.

சீனிவாசன் ஐயா நாள்காட்டியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். மளிகைக் கடையில் கொடுக்கும் மாத நாள்காட்டி போதும். அதில் மூன்றுக்கு மூன்று கட்டம் ஒன்றை வளையுங்கள். 8, 9, 10. அதற்குக் கீழே 15, 16, 17. அதற்குக் கீழே 22, 23, 24. எல்லாவற்றையும் கூட்டினால் 144. நடுவில் இருப்பது 16. 16-ஐ 9-ஆல் பெருக்கினாலும் 144. எந்த மாதம், எந்தக் கட்டம் எடுத்தாலும் இப்படித்தான் வரும். கூட்டத் தெரிந்த பிள்ளை கூட்டும். காரணம் கேட்கும் பிள்ளை, பக்கத்து எண் ஒன்று குறைவு, ஒன்று கூடுதல், மேலே ஏழு குறைவு, கீழே ஏழு கூடுதல் என்று கண்டுபிடிக்கும். இயற்கணிதம் தொடங்கும் வாரத்தில் இதுதான் என் திங்கட்கிழமை. யாருக்கும் போன வாரப் பாடம் தேவைப்படாது.

செவ்வாய்க்கிழமை இரண்டு பீரியடும் வாரத்தின் முதுகெலும்பு. புதுக் கருத்து அன்றைக்குத்தான். அதில் ஒரு மாதிரிக் கணக்கை, முழு விளக்கத்தோடு, கரும்பலகையின் வலது ஓரத்தில் கட்டம் கட்டி எழுதுவேன். மேலே 'அழிக்கக் கூடாது' என்று இருக்கும். வெள்ளி வரைக்கும் அது இருக்கும். தமிழம்மா, அறிவியல் சார் எல்லாரும் மீதி இடத்தில் எழுதிக்கொள்வார்கள். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். பிள்ளைகளே அதற்குக் காவல். வராமல் இருந்து வருகிற பிள்ளை முதலில் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

புதன்கிழமை 'பாலம்'. புதுசாக ஒன்றும் நடக்காது. செவ்வாய்க்கிழமை இருந்தவர்கள், இல்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வலது ஓரக் கணக்கைத் தங்கள் வார்த்தையில் விளக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும். நான் யாருக்கும் புரியாத இரண்டு, மூன்று பேரோடு தரையில் உட்கார்ந்துவிடுவேன்.

வியாழன் இரண்டு பீரியடும் அதே கருத்தை வெளியில் கொண்டுபோய்ப் பயன்படுத்துவது. வெள்ளி, அந்த ஒரு கேள்வி. பத்து நிமிடம். துண்டுச் சீட்டில் போடுவார்கள். மதிப்பெண் கிடையாது. சீட்டுகளை மூன்றாகப் பிரிப்பேன். போட்டவர்கள், வழியில் நின்றவர்கள், தொடங்கவே இல்லாதவர்கள். மூன்றாவது கட்டுதான் அடுத்த திங்கட்கிழமையை முடிவு செய்யும்.

இன்னொரு விதி, வாரம் முழுக்க ஒரே கதை. திங்களுக்கு மாம்பழம், செவ்வாய்க்கு ரயில், புதனுக்குத் துணிக்கடை என்று மாற்றினால் வராத பிள்ளை கணக்கோடு சேர்த்துக் கதையையும் புரிந்துகொள்ள வேண்டும். கன அளவு வாரம் என்றால் எங்களுக்குக் கன்டெய்னர்தான். 20 அடி நீளம், 8 அடி அகலம், 8½ அடி உயரம். 1,360 கன அடி. 40 அடிப் பெட்டி என்றால் இரண்டு மடங்கு. ஜன்னலில் பார்த்தால் நிற்கிறது, படம் வரைய வேண்டாம்.

ஒரு வாரத்தை முழுதாகச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு, தனிவட்டி.

திங்கள்: 'நூற்றுக்கு எத்தனை' மட்டும். 500-க்குப் 10 சதவீதம் எவ்வளவு, 9,000-இல் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்று வாய்க்கணக்கு. செவ்வாய்: அசல், காலம், வட்டி வீதம். மூன்றையும் பெருக்கி நூறால் வகுத்தால் தனிவட்டி. ஓரக் கட்டத்தில் 9,000 ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம், ஓர் ஆண்டு, வட்டி 1,080. புதன்: பாலம்.

வியாழன்: தண்டல். வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பத்தாயிரம் கடன் என்பார்கள், முன்கூட்டியே ஆயிரம் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். தினமும் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். பிடிக்கும் தொகை ஆளுக்கு ஆள் மாறும்.

யார் வீட்டில் தண்டல் இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. 'ஒரு அக்கா வாங்கினார்கள்' என்றுதான் தொடங்குவேன். அக்கா கையில் வாங்கியது 9,000. கட்டியது 10,000. கூடுதல் 1,000. அது 9,000-இல் எத்தனை சதவீதம்? பதினொன்றே சொச்சம். "அவ்ளோதானா?" என்பார்கள். எத்தனை நாளைக்கு? நூறு நாளைக்கு. வருடத்துக்கு என்றால்? 365-ஐ 100-ஆல் வகுத்துப் பெருக்கினால் 40 சதவீதத்தைத் தாண்டும். வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். அப்புறம் கடைசிக் கேள்வி. ஐம்பதாவது நாள் அக்கா எவ்வளவு திருப்பிக் கொடுத்திருப்பார்? 5,000. அப்படியென்றால் 9,000 முழுசாக நூறு நாளும் அக்கா கையிலா இருந்தது? இல்லை. சராசரியாகப் பார்த்தால் பாதிதான் இருந்தது. பாதிப் பணத்துக்கு அதே வட்டி என்றால் வீதம் இரண்டு மடங்கு. ஆண்டுக்கு 80 சதவீதம். ஓரக் கட்டத்தில் இருக்கும் 12 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். அந்த வீதத்தில் 9,000-மும் நூறு நாள் முழுக்க கையில் இருந்தால்கூட வட்டி 296 ரூபாய்தான்.

ஒரு வருடம் இந்த இடத்தில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா பேங்க் குடுக்குமா மிஸ்?" கொடுக்காதுதான். நான் அதை மறுக்கவில்லை. எதை என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதைக் கணக்கு சொல்லும். வாங்குவதா வேண்டாமா என்பது வீட்டு நிலைமை. ஆனால் விலை தெரியாமல் வாங்குவதற்கும் தெரிந்து வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவசரம் முடிந்த பிறகு அடுத்த தண்டலை வாங்காமல் மகளிர் குழுவில் கேட்கலாமா என்று ஒரு வீட்டில் பேச்சு வந்தாலும் அது அந்த வாரத்தின் பலன்தான்.

வெள்ளிக்கிழமைக் கேள்வி: 5,000 கடன், கையில் 4,500, தினம் 50 ரூபாய், 100 நாள். கூடுதலாகக் கட்டியது எவ்வளவு, அது எத்தனை சதவீதம்? விடை போன கணக்கின் அதே பதினொன்றே சொச்சம். "மிஸ், அதே வருது, தப்பா?" என்று கேட்கும் பிள்ளைக்குச் சதவீதம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது நீங்கள் கேட்கப்போவது தெரியும். "புதன்கிழமை முழுசும் பாலம் என்றால் போர்ஷன் எப்படி முடிப்பது?" ஏழில் ஒரு பீரியட் போகிறது, உண்மை. பாலம் இல்லாத வாரத்தில் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பாதி வகுப்புக்குப் புரியாமல் மூன்று பீரியட் போகும். அது பதிவேட்டில் 'நடத்தப்பட்டது' என்று இருக்கும், அவ்வளவுதான். பருவக் கடைசியில் திருப்புதலுக்கு ஒதுக்கும் நாள்கள் எனக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. எல்லாப் பிள்ளையும் தேறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆறாம் வகுப்புக்கு வகுத்தல் தெரியாமல் வந்து, அந்தக் குறையோடே எட்டு முடித்துப் போனவர்களும் உண்டு. அந்தப் பையனும் திங்கட்கிழமை வரத் தொடங்கிவிடவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்ததும் "என்ன மிஸ் நடத்துனீங்க?" என்று பயந்து கேட்பது நின்றது.

இளம் ஆசிரியர்களே, அந்த பி.டி.எஃப்.-ஐத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். கட்டங்களை நிரப்புங்கள், கையெழுத்து வாங்குங்கள். அதற்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று விஷயம் மட்டும் சொந்தமாக எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக் கேள்வி என்ன? கரும்பலகையில் அழியாமல் இருக்கப்போகும் கணக்கு எது? பாலம் எந்த நாள்? உங்கள் ஊரில் அது புதன்கிழமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சந்தை நாள், சம்பள நாள், திருவிழா எல்லாம் ஊருக்கு ஊர் வேறு.

நாளைக்கு வகுப்புக்குப் போனதும் வருகைப் பதிவேட்டை எடுத்துப் போன ஒரு மாதத்தைப் பெயர் பெயராக இடமிருந்து வலமாகப் படியுங்கள். உங்கள் வகுப்பில் எந்தக் கிழமை அதிகம் பேர் வருவதில்லை, ஏன் என்று கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன்.